படம் ஆற்றைக் கடக்கலாம், அவர் கடக்கலாமா?

கேள்வி: மெல்பர்னின் மேற்குப் புறநகரில் வசிக்கிறேன். நிரந்தர வசிப்புரிமை உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். போன ஆண்டு ஒரு கண்காட்சியில், சிறையிலிருந்த பூர்வகுடி ஓவியர் ஒருவர் தீட்டிய படத்தை வாங்கினேன். பிறகு அவர் பரோலில் வெளியே வந்தார். ஒரு நிகழ்ச்சியில் சந்தித்துப் பேசியதில் எங்கள் குடும்ப நண்பராகிவிட்டார். யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். வரும் நவம்பரில் நியூகாசில் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்களை மறிக்கும் போராட்டத்துக்குப் போக விரும்புகிறார். காரில் அழைத்துப் போக முடியுமா என்று என்னிடம் கேட்டார். அதற்கென்று பெரிய பதாகை ஓவியம் ஒன்றையும் தொடங்கிவிட்டார். ஓவிய விற்பனையில் அனுபவமுள்ள ஒருவர், "அரசியலில் இறங்கினால் படம் விற்காது, நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கள்" என்கிறார். என் கணவருக்கோ குடியுரிமை போய்விடுமோ என்ற பயம். நான் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று: அவர் எதற்காகச் சிறைக்குப் போனார் என்று இதுவரை நான் கேட்டதில்லை. கேட்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய நிலையில் அவரை அழைத்துப் போகாதீர்கள். நிலக்கரி ஏற்றுமதியை நான் ஆதரிப்பதால் இதைச் சொல்லவில்லை. சிறையிலிருந்து வெளியே வருபவர்களின் வழக்குகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் நண்பரும் உங்கள் கணவரும் அஞ்ச வேண்டிய விஷயங்கள் வேறு வேறு. இரண்டையும் ஒரே பயமாகக் குழப்பிக்கொண்டால் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

விக்டோரியாவில் பரோலில் இருப்பவர் பரோல் வாரியத்தின் அனுமதி இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. மெல்பர்னிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் மரே ஆறு வந்துவிடும்; பாலத்தைத் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ். துறைமுகம் இன்னும் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் பாலத்தைக் கடந்த அந்த நிமிடமே அவர் நிபந்தனையை மீறியவராகிவிடுவார். 2014 முதல் பரோல் நிபந்தனையைத் தக்க காரணமின்றி மீறுவதே இங்கே தனிக் குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறை உண்டு. அதைவிடக் கொடுமையானது ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. பரோல் ரத்தானால், வெளியே ஒழுங்காக வாழ்ந்த நாட்கள் தண்டனைக் கணக்கில் தாமாகச் சேராது. ஒருவர் ஒன்றரை ஆண்டு வேலைக்குப் போய், படம் வரைந்து, வாரந்தோறும் கையெழுத்துப் போட்டிருக்கலாம். வாரியம் மனம்வைத்து உத்தரவிட்டால் ஒழிய அந்த ஒன்றரை ஆண்டும் இல்லாமலே போகும். மிச்சத் தண்டனையை அவர் முதலிலிருந்து கழிக்க வேண்டும். தெரிந்தே உதவியவர் என்ற முறையில் காரோட்டிய உங்கள் மீதும் கேள்வி வரலாம்.

இப்படி உள்ளே திரும்பிப்போன ஒருவரை நான் சந்தித்தேன். ஓவியர். எல்லையைத் தாண்டி ஒரு சாவுக்குப் போய்விட்டு மறுநாளே திரும்பியவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "என் தூரிகைகளைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன், காய்ந்து போயிருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பரோலைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஆனால் உங்கள் நண்பர் ஏன் கேட்கிறார் என்பதை நீங்கள் புரிந்துகொள்ளாமல் "முடியாது" என்று சொன்னால் அது வேறொரு காயமாகும். நம் வரைபடத்தில் மரே ஆறு இரு மாநிலங்களுக்கு நடுவே போகும் கோடு. யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு அது துங்காலா. இரு கரையும் அவர்களுடைய நாடு. அந்தக் கோட்டைத் தாண்டியதற்காகவே அவர்களை அரசு தண்டித்த வரலாறும் உண்டு. ஆற்றின் வடகரையில் கும்மெரகுஞ்சா என்ற குடியிருப்பு இருந்தது. பூர்வகுடி மக்களை அங்கே அடைத்துவைத்து, என்ன உண்பது, யாரைச் சந்திப்பது, எப்போது வெளியே போவது என்பதையெல்லாம் நியூ சவுத் வேல்ஸ் அரசின் வாரியம் தீர்மானித்தது. 1939 பிப்ரவரியில் சுமார் 200 பேர் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்து விக்டோரியா பக்கம் பார்மாவில் கூடாரமிட்டார்கள். அவர்களிடையே பேசிய பூர்வகுடி உரிமைப் போராளி ஜாக் பேட்டன் கைது செய்யப்பட்டார். பூர்வகுடிகளைக் குடியிருப்பிலிருந்து வெளியேறத் தூண்டினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. போராட்டத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் ஏதோ பருவநிலைப் போராளிகளுக்காக நேற்று முளைத்தவை என்று நாம் நினைக்கிறோம். உங்கள் நண்பரின் குடும்பத்தில் அந்த நினைவு மூன்று தலைமுறை பழையது.

நம்மோடு சிறிது தொடர்புள்ள செய்தி ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. கும்மெரகுஞ்சாவில் அந்தத் தலைமுறைக்கு எழுதப் படிக்கவும், மனு எழுதவும் கற்றுக்கொடுத்த ஆசிரியர் தாமஸ் ஜேம்ஸ், மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அங்கேயே மணம் முடித்து அந்த மக்களில் ஒருவரானார். அவருடைய மைத்துனர் வில்லியம் கூப்பர் பின்னாளில் பூர்வகுடி உரிமை இயக்கத்தின் பெரிய தலைவரானார். 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதையடுத்து, தம் சொந்த நாட்டிலேயே உரிமையற்றிருந்த அந்த முதியவர் டிசம்பரில் மெல்பர்னிலிருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குக் கண்டன மனு எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் போனார். உங்கள் நண்பர் இவர்களுடைய நாட்டில் பிறந்தவர்.

நிலத்துக்கான வழக்கையும் அவர்கள் நடத்திப் பார்த்தார்கள். 1998இல் நீதிபதி, அவர்களுடைய மரபுரிமையை "வரலாற்றின் அலை" அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி மனுவைத் தள்ளினார். 2002இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஆற்றங்கரையில் நின்று வாழ்பவர்களிடம் அலையைப் பற்றி அப்படிப் பேசியதை என்னால் இன்றுவரை அமைதியாக வாசிக்க முடிந்ததில்லை. அந்த ஆற்றின் இரு கரையிலும் பரந்திருக்கும் பார்மா மில்லெவா காடு, ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரங்களின் காடுகளில் உலகிலேயே பெரியது. அதன் உயிர் ஆற்றுவெள்ளத்தில் இருக்கிறது. மழையும் வெயிலும் முறை தவறினால் அந்தக் காடு வாடும். நிலக்கரிக் கப்பலுக்கும் தம் மரங்களுக்கும் உள்ள தொடர்பை உங்கள் நண்பருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நியூகாசில். உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம் அது. சில ஆண்டுகளாக நவம்பரில் அங்கே கூடுகிறார்கள். கரையில் பாட்டு, பேச்சு, சமையல். தண்ணீரில் நூற்றுக்கணக்கான சிறு படகுகள். 2023இல் கால்வாயை 30 மணி நேரம் மறிக்கக் காவல்துறை அனுமதி இருந்தது. அந்த நேரம் முடிந்த பிறகும் தண்ணீரைவிட்டு வெளியேறாத 109 பேர் கைதானார்கள். அவர்களில் 97 வயது பாதிரியார் ஒருவரும் இருந்தார். 2024இல் காவல்துறை எதிர்த்து நீதிமன்றம் போனது, அனுமதி கிடைக்கவில்லை. கடலில் தடைப் பகுதி அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியும் அந்த முறை கைதானவர்கள் 170 பேர். ஒரே நிகழ்ச்சி, ஒரே ஊர். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு எது சட்டப்படி சரி, எது குற்றம் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. போன ஆண்டு போய்வந்தவர் சொல்வதை நம்பி இந்த ஆண்டு போகாதீர்கள்.

சட்டம் எப்படி இறுகியது என்று கேட்பீர்கள். 2022 மார்ச்சில் சிட்னியின் போர்ட் பாட்டனி துறைமுகத்தில் சில நாட்கள் மறியல் நடந்தது. உடனே நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. முக்கியச் சாலை, பாலம், ரயில் நிலையம், துறைமுகம் போன்றவற்றின் இயக்கத்தைக் குலைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 22,000 டாலர் வரை அபராதம். அதே ஆண்டு ஏப்ரலில் சிட்னி துறைமுகப் பாலத்தில் ஒரு தடத்தை அரை மணி நேரத்துக்கும் குறைவாக மறித்த வயலட் கோகோ என்ற பெண்ணுக்கு டிசம்பரில் 15 மாதச் சிறை விதித்தார்கள். ஆம்புலன்ஸ் தடைபட்டது என்று காவல்துறை நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. அப்படி ஒரு ஆம்புலன்ஸ் தடைபடவே இல்லை என்பது பின்னால் வெளிவந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை நீங்கியது. ஆனால் அதற்குள் அவர் சிறையைப் பார்த்துவிட்டார்.

விக்டோரியாவிலும் இதே கதைதான். 2022 ஆகஸ்டில் இங்கே ஒரு சட்டம் வந்தது: மரம் வெட்டும் பகுதிக்குள் புகுந்து வேலையைத் தடுத்தால் 12 மாதம் வரை சிறை அல்லது 21,000 டாலருக்கு மேல் அபராதம். ஒன்பதே மாதத்தில், 2023 மே மாதம், அதே அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2024 ஜனவரி 1 முதல் நிறுத்தியும்விட்டது. வெட்டாதே என்று கேட்டவர்களுக்குச் சிறை என்று எழுதிய கைதான் வெட்டுவதை நிறுத்தியது. அதற்காகச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் யாரும் அந்த மக்களிடம் வருத்தம் தெரிவித்ததாக நான் கேள்விப்படவில்லை.

நீதிமன்றங்கள் முழுதும் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் அரசமைப்பில் பேச்சுரிமை என்று வெளிப்படையாக ஒரு வரி கிடையாது. ஆனாலும் மக்களாட்சி நடக்க வேண்டுமானால் அரசியல் கருத்துப் பரிமாற்றத்துக்குத் தடை இருக்கக் கூடாது என்ற சுதந்திரத்தை உச்ச நீதிமன்றம் அதிலிருந்தே வாசித்தெடுத்திருக்கிறது. 2017இல் டாஸ்மேனியாவின் போராட்டத் தடைச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் அந்த அடிப்படையில் வீழ்ந்தன. வழக்குத் தொடுத்தவர் காட்டில் கைதான முன்னாள் செனட்டர் பாப் பிரௌன். நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தை எதிர்த்தவர்கள் நிட்டிங் நானாஸ் என்ற குழுவைச் சேர்ந்த ஹெலன் க்வெல்டே, டொமினிக் ஜேக்கப்ஸ் என்ற இரு பெண்கள். போராட்டக் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பளி பின்னுபவர்கள் அந்தக் குழுவினர். 2023 டிசம்பரில் அவர்கள் வழக்கில் அந்தச் சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சில பகுதிகள்தான். துறைமுகத்தை மறித்தால் வழக்கு வரும் என்ற நிலை இன்றும் தொடர்கிறது.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். அது அளவுக்கு மீறியது, ஆனால் ஆதாரமற்றது இல்லை. கரையில் நின்று பாடியதற்காக, பதாகை பிடித்ததற்காக யாருடைய நிரந்தர வசிப்புரிமையும் பறிபோகாது. விசா ரத்தாகும் பேச்சு பெரும்பாலும் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்படும்போதுதான் எழும். குடியுரிமை விண்ணப்பத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் மீது ஏதாவது ஒரு குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்வரை அமைச்சர் குடியுரிமைக்கு ஒப்புதல் தர முடியாது, சட்டமே அப்படி. சிறிய வழக்கானாலும் அது முடியும்வரை கோப்பு அசையாது. பின்னர் நன்னடத்தை பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆகவே நீங்கள் தனியாகப் போவதானால் போங்கள், கரையில் நில்லுங்கள், படகில் ஏறாதீர்கள். காவல்துறை நகரச் சொன்னால் நகருங்கள். குடியுரிமை விழா முடிந்த பிறகு படகைப் பற்றி யோசிக்கலாம். அது உங்கள் முடிவு.

பதாகை ஓவியம் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். விக்டோரியாவில் தம் வீட்டில் உட்கார்ந்து அவர் வரைவது குற்றமில்லை. சிறப்பு நிபந்தனை ஏதாவது அவருடைய பரோல் உத்தரவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் எழுதியிருப்பதுதான் அவருக்குச் சட்டம். அந்தப் படம் ஆற்றைக் கடந்து நியூகாசில் போவதையும், அங்கே கரையில் அதை யாராவது விரித்துப் பிடிப்பதையும் பரோல் தடுக்காது. அவருக்கு எல்லை உண்டு, அவருடைய படத்துக்கு இல்லை.

இது ஏதோ இரண்டாம்தர ஏற்பாடு என்று அவர் நினைத்தால், 1963ஐ அவருக்கு நினைவூட்டுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். அர்னம் லாண்டின் யிர்க்கலாவில் யோல்ங்கு மக்களின் 300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை, அவர்களைக் கேட்காமலே அரசு பாக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கியது. அவர்கள் மனுவைத் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தம் குலங்களின் ஓவியங்களைத் தீட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வெறும் தாளில் வந்திருந்தால் அது எந்த அலமாரியிலோ போயிருக்கும். அந்த ஓவியங்கள்தாம் நிலம் யாருடையது என்பதற்கு அவர்கள் காட்டிய பத்திரம். சுரங்கம் நிற்கவில்லை, 1971இல் வழக்கும் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து எழுந்த விவாதம் 1976இல் வட பிரதேசத்தின் நில உரிமைச் சட்டத்தில் போய் முடிந்தது. இன்றும் அந்த மரப்பட்டைகள் கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன. 

அரசியலில் இறங்கினால் படம் விற்காது என்று சொன்னவரின் பேச்சுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த நாட்டில் பூர்வகுடி ஓவியத்திலிருந்து நிலத்தைப் பிரித்தெடுக்க முடிந்தவர் யார்? மெல்பர்னை அடுத்த கொரண்டர்க் குடியிருப்பில் வாழ்ந்த வில்லியம் பராக், 1903இல் இறந்த பெரியவர். காவியும் கரியும் கொண்டு தம் மக்களின் ஆட்டங்களை, பாசம் (possum) என்ற மரவாழ் விலங்கின் தோலால் செய்த போர்வை போர்த்திய பெண்களை வரைந்தார். அதே கையால் மனுக்களிலும் ஒப்பமிட்டார். நிலத்தைப் பறிக்காதே என்று கேட்க மெல்பர்ன் வரை நடந்தார். 2022இல் அவருடைய ஓவியம் ஒன்றும் கேடயம் ஒன்றும் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, அவருடைய வுருண்ட்ஜெரி மக்கள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, அரசின் உதவியோடு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து மீட்டார்கள். அரசியல் அவருடைய படத்தின் விலையைக் குறைத்துவிடவில்லை.

சிறையும் ஓவியமும் போராட்டமும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு கெவின் கில்பர்ட் இருக்கிறார். விராஜூரி இனத்தவர். மனைவியைக் கொன்ற குற்றத்துக்காக 1957இல் ஆயுள் தண்டனை பெற்று, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். சிறைத் தரையின் பழைய லினோலியத்தைப் பெயர்த்தெடுத்து, ஸ்பூன், ஆணி, பிளேடு இவற்றையே உளியாக்கி அச்சோவியம் செதுக்கினார். ஆஸ்திரேலியாவின் முதல் பூர்வகுடி அச்சோவியர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1971இல் விடுதலை, மறு ஆண்டு ஜனவரி 26இல் நாடாளுமன்றத்துக்கு எதிரே ஒரு கடற்கரைக் குடையின் கீழ் பூர்வகுடிக் கூடாரத் தூதரகம் தொடங்கியபோது, அதற்காகப் பின்னின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஜூலையில் அரசு அந்தப் புல்வெளியில் கூடாரமிடுவதைக் குற்றமாக்கும் விதியை அவசரமாகக் கொண்டுவந்து போலீஸை அனுப்பியது. கூடாரத்தைப் பிடுங்கினார்கள்; மக்கள் திரும்ப வந்து கட்டினார்கள். அவர் செய்த குற்றம் பெரியது. இறந்த பெண்ணுக்கும் ஒரு குடும்பம் இருந்தது என்பதை நான் ஒருபோதும் ஒதுக்கிவைக்க மாட்டேன். அதோடு சேர்த்துத்தான் அவருடைய ஓவியத்தையும் போராட்டத்தையும் பார்க்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. அவர் எதற்காக உள்ளே போனார் என்பதை அவராகச் சொல்லட்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பாதுகாப்புக்காக அறிய வேண்டும் என்று உண்மையிலேயே தோன்றினால் மறைமுகமாகத் தோண்டாமல் நேராகக் கேளுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். இணையத்தில் பெயரைத் தட்டித் தேடாதீர்கள். படத்தை வாங்கினோம் என்பதால் கதையையும் வாங்கிவிட்டோம் என்று சிலர் நினைக்கிறார்கள். கண்காட்சிகளில் விருந்தினர் சிலர் ஓவியரின் பக்கத்தில் நின்று முதலில் விலையைக் கேட்டு, அடுத்து குற்றத்தைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். ஓவியரின் முகம் அப்போது எப்படிச் சுருங்குகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் படம் வாங்கியது 'தி டார்ச்' அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் 'கன்ஃபைண்ட்' கண்காட்சியில் என்று ஊகிக்கிறேன். 2016க்கு முன் விக்டோரியச் சிறைகளில் இருப்பவர்கள் தம் படங்களை விற்க முடியாது. அந்த அமைப்பு வாதாடிப் பெற்ற மாற்றத்தால் இப்போது விற்கலாம். விலை முழுவதும் ஓவியருக்கே சேர்கிறது. மக்கள்தொகையில் 4 சதவீதம்கூட இல்லாத பூர்வகுடிகள் ஆஸ்திரேலியச் சிறைகளில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறார்கள். பெற்றோரிடமிருந்து பிடுங்கப்பட்ட தலைமுறைகளின் பிள்ளைகள் பலர் தாம் எந்த இனம், எந்த ஆறு என்பதையே சிறைக்குள் அந்த ஓவிய வகுப்பில்தான் அறிகிறார்கள். உங்கள் படத்தை மறுபடி பாருங்கள். புள்ளிகள் குறைவாகவும் இணைகோடுகளும் வைரக் கட்டங்களும் நிறைந்தும் இருக்கலாம். புள்ளி ஓவியம் நடுப்பாலைவனத்து மக்களுடையது. தென்கிழக்கின் மரபு கோடு. கேடயங்களிலும் பாசம் தோல் போர்வைகளிலும் செதுக்கியது. 1853இல் எச்சூகா பக்கம் சேகரித்த யோர்ட்டா யோர்ட்டா போர்வை ஒன்று மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப் பழைய போர்வைகள் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருக்கின்றன. 1999இல் அருங்காட்சியகத்தில் அத்தகைய பழைய போர்வையைப் பார்த்த பூர்வகுடிப் பெண் ஓவியர்கள் சிலர், அதே முறையில் புதிய போர்வைகள் செய்து அந்தக் கலையை மீட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நண்பரோடும் குழந்தைகளோடும் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். குற்றத்தைப் பற்றிய கேள்வியைவிட நல்ல கேள்விகள் அங்கே உங்களுக்குத் தோன்றும்.

பதாகையைப் படமெடுத்துச் சட்டையில் அச்சிட வேண்டும், துண்டறிக்கையில் போட வேண்டும் என்று போராட்டக் குழுவினர் கேட்பார்கள். துணி யார் கையில் இருந்தாலும் பதிப்புரிமை அவருடையது. எழுத்தில் அனுமதி, அவர் பெயர் போடுவதா வேண்டாமா என்ற முடிவு, பணம் வந்தால் அதில் பங்கு, மூன்றையும் முன்னதாகவே பேசிவிடுங்கள். பரோலில் இருப்பவருக்குப் பெயர் வெளிவருவது சில நேரம் நன்மை, சில நேரம் தொல்லை. அவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் சுவரில் தொங்கும் படத்துக்கும் இது பொருந்தும். பின்னால் எப்போதாவது ஓவியக்கூடம் மூலமோ ஏலத்திலோ ஆயிரம் டாலருக்கோ அதற்கு மேலோ விற்றால், அவருக்கு ஐந்து சதவீத மறுவிற்பனை உரிமைத்தொகை உண்டு.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவரோடு உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் விளக்குங்கள். முடிவு அவருடையது, உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டு அவர் போகத் துணிந்தால், அவரைக் கோழை ஆக்கவும் வேண்டாம், வீரர் ஆக்கவும் வேண்டாம்; காரை மட்டும் நீங்கள் தராதீர்கள். போவதற்குச் சட்டப்படி ஒரு வழியும் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதி கேட்டு அவருடைய பரோல் அதிகாரி வழியாக வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். எந்தத் தேதி, எங்கே தங்குவது, யாரோடு போவது, கரையில் நடக்கும் கூட்டத்தில் மட்டுமே கலந்துகொள்வது என்று தெளிவாக எழுத வேண்டும். போராட்டம் என்ற சொல்லை ஒளிக்காதீர்கள். ஒளித்தது பின்னால் தெரிந்தால் அதுவே அவருக்கு எதிராக நிற்கும். நவம்பருக்கு இப்போதே விண்ணப்பித்தால்தான் பதில் வர நேரமிருக்கும். எழுதும் முன் விக்டோரியப் பூர்வகுடிச் சட்ட சேவையை அழையுங்கள். 1973 முதல் இயங்கும் அமைப்பு. இந்தக் கடிதங்களை எழுதிப் பழகியவர்கள். எங்கே எப்போது போலீஸ் பிடித்தாலும், தாம் பூர்வகுடி என்பதை உடனே சொல்ல வேண்டும் என்று அவருக்கு நினைவூட்டுங்கள். இரு மாநிலங்களிலும் அப்படிச் சொன்னவுடன் சட்ட சேவைக்குத் தகவல் தர வேண்டியது காவல்துறையின் கடமை.

அனுமதி கிடைக்காவிட்டால் பதாகை போகட்டும். கரையில் அதைப் பிடிப்பவர் நீங்களாகவே இருக்கலாம். அவர் சம்மதித்தால் அவர் சார்பில் இரண்டு வரி வாசிக்கலாம். வாசிப்பதற்கு முன் அங்கே கூடியிருக்கும் அவபக்கல், வொரிமி இன மூத்தோரிடம் சொல்லிவிட்டு வாசியுங்கள். அது அவர்களுடைய நாடு, அவர்களுடைய கரை. அதைத் தொலைபேசியில் அவர் பார்க்கும்படி செய்யுங்கள்.

துணியைச் சுருட்டும்போது வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் அக்ரிலிக் மடிந்து வெடிப்பு விடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், தூரிகைகள் காய்ந்துபோயிருக்கும் என்று வருந்திய அந்த ஓவியர்தான்.

அன்புடன்,
உங்கள் சட்ட ஆலோசகர்